ரோட்டவேட்டர் வாங்கும் முன் சக்கரத்தை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய டிராக்டர்களுக்கான கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை பல வகையிலும் பயனுள்ளதாக இருந்தது. ஆனால், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை வாங்குவோர் டிராக்டரின் குதிரைத்திறனைப் பார்த்து, அது இழுக்கக்கூடிய மிக அகலமான கருவியைத் தேர்ந்தெடுத்தால் உழவு நேரம் மிச்சமாகும் என்று அதில் சொல்லப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அதே கணக்கை நம்பி 22 குதிரைத்திறன் டிராக்டருக்கு 5 அடி ரோட்டவேட்டர் வாங்கி, இரண்டு பருவம் அதனோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டிராக்டரின் பானட்டில் பெரிய எழுத்தில் பொறித்திருப்பது என்ஜினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ டிராக்டரின் பின்னால் இருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் திறன். இடையில் உள்ள கியர்களும் ஹைட்ராலிக் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்துதான் அது கிடைக்கும். ஓர் அடி அகலத்துக்குப் பி.டி.ஓ.வில் 4 முதல் 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது உழவுத் தொழிலில் உள்ளவர்கள் போடும் கணக்கு. இளகிய மணற்பாங்கான நிலத்துக்கு 4 போதும், இறுகிய களிமண்ணுக்கு 5-கூடச் சில நாளில் பற்றாது. என் டிராக்டரின் பி.டி.ஓ.வில் கிடைத்தது 18. அதை 5 அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு 4-கூடத் தேறவில்லை. ஈரம் பதமாக இருந்த நாட்களில் குறை ஏதும் தெரியவில்லை. மண் காய்ந்து இறுகியதும், கத்தி இறங்கிய சில அடி தூரத்திலேயே என்ஜினின் சத்தம் அமுங்கிக் கரும்புகை கக்கியது. கருவியைப் பாதி தூக்கிப் பிடித்தபடி மேலாக ஒரு முறையும், பிறகு ஆழமாக இன்னொரு முறையும் ஓட்ட வேண்டியதாயிற்று. 4 அடிக் கருவி ஒரே ஓட்டத்தில் முடித்திருக்கும் வேலை அது.

அப்படியானால் அகலத்தைக் குறைத்துக்கொண்டே போகலாமா என்றால், அங்கே டிராக்டரின் பின்சக்கரம் குறுக்கே நிற்கிறது. இடப்பக்கச் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வலப்பக்கச் சக்கரத்தின் வெளி விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். அது 110 செ.மீ. என்றால் 120 செ.மீ. அகலமுள்ள ரோட்டவேட்டர் பக்கத்துக்கு 5 செ.மீ. கூடுதலாகப் போய், சக்கரம் அழுத்திய தடத்தை முழுவதும் கிளறி மூடிவிடும். அந்த அளவு 130 செ.மீ. என்றால், அதே கருவி இருபுறமும் சக்கரத் தடத்தின் ஓரத்தை அப்படியே விட்டுச் செல்லும். விதைப்பாத்தியில் இரண்டு வரி இறுகிக் கிடக்கும். அகலமான கருவியைச் சுழற்றத் திறன் போதாத நிலையில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பல டிராக்டர்களில் பின்சக்கரங்களைக் கழற்றி ரிம்மைத் திருப்பி மாட்டி, இடைவெளியைக் குறைக்கலாம். இல்லையென்றால், இணைப்புச் சட்டத்தை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்ட வசதியுள்ள ரோட்டவேட்டரை வாங்கி, ஒரு பக்கத் தடத்தையாவது முழுதாக மூடும்படி வைத்துக்கொண்டு, மறுபக்கத் தடம் அடுத்த ஓட்டத்தில் மூடும் வகையில் ஓட்டலாம். இந்த இரண்டாம் வழியைப் பற்றி விற்பனையாளர்கள் தாமாக வாய் திறப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, டிராக்டர் எவ்வளவு மெதுவாக நகரும் என்பது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது, ரோட்டவேட்டரின் கத்தித் தண்டு கியர் விகிதத்துக்கேற்ப ஏறத்தாழ 200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்திகள் பொருத்திய தட்டு ஒவ்வொன்றிலும் 6 கத்திகள் இருந்தால், இடப்பக்கம் வளைந்தவை 3, வலப்பக்கம் வளைந்தவை 3. ஆகவே ஒரு பக்கத்து மண்ணில் நிமிடத்துக்கு 600 வெட்டு விழும். டிராக்டர் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் போனால் ஒவ்வொரு வெட்டும் ஐந்தரை செ.மீ. மண்ணை அரிந்தெடுக்கும், 4 கி.மீ. வேகத்தில் போனால் 11 செ.மீ. முன்னதில் மண் பொலபொலவென்று உதிரும். பின்னதில் கட்டி கட்டியாகப் பெயரும், டிராக்டரும் குலுங்கும். சில சிறிய டிராக்டர்களில் பி.டி.ஓ.வை 540-ல் வைத்துக்கொண்டு முதல் கியரில் போனாலும் வேகம் 2 கி.மீ. அளவுக்கு இறங்காது. அந்த டிராக்டருக்கு எவ்வளவு நல்ல ரோட்டவேட்டரை மாட்டினாலும் மண்ணைப் பொடியாக்க மறு ஓட்டம் தேவைப்படும். கட்டியின் அளவைக் கருவியின் பின்பலகையை இறக்கியும் ஏற்றியும் ஓரளவு சரிசெய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் வேகத்தால் வந்த குறையைப் பலகையால் முழுவதும் தீர்க்க முடியாது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4 அடி ரோட்டவேட்டரே 200 கிலோவை ஒட்டி இருக்கும். 5 அடியில் அது இன்னும் ஏறும். ஹைட்ராலிக் தூக்குத்திறன் என்று விளம்பரத் தாளில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் தூக்கும் கைகளின் முனையில் அளந்தது. கருவியின் எடையோ அதற்கும் பின்னால் தள்ளி நிற்பது. ஆகவே முனையிலிருந்து 61 செ.மீ. பின்னால் எவ்வளவு தூக்கும் என்று கேட்டறிவதே சரி. என் 5 அடிக் கருவியைத் தூக்கியபடி வரப்பில் ஏறியபோது முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் உயரம் எழும்பி, ஸ்டியரிங் கையில் காற்றைப் போல் சுழன்றது. அன்று கிளட்சை மிதித்துப் பின்வாங்கியதால் தப்பினேன். முன்பக்கம் எடைக்கல் மாட்டுவது அதன் பிறகுதான் வழக்கமாயிற்று.

பி.டி.ஓ. தண்டையும் கருவியையும் இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆன பி.டி.ஓ. ஷாப்டைப் பொறுத்தவரை, கருவியோடு வரும் ஷாப்ட் எந்த டிராக்டருக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று நினைப்பது தவறு. சிறிய டிராக்டரில் தண்டுக்கும் கருவிக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. நீளமான ஷாப்டை மாட்டிக் கருவியைத் தூக்கும்போது, உள்குழாயும் வெளிக்குழாயும் முட்டிக்கொண்டு கியர்பாக்ஸின் பேரிங்கை நெட்டித் தள்ளும். எனக்கு வந்த கருவியில் இதைப் பார்க்காமல் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் முன்பக்க சீல் பிதுங்கி, கியர் ஆயில் தரையில் கோடு போட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு, கருவியை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தி, குழாய்கள் எங்கே மிக நெருங்குகின்றன என்று பார்த்து, உள்குழாய், வெளிக்குழாய், அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்டி, பிசிறை அரத்தால் ராவிவிட வேண்டும். வெட்டிய பிறகும், மிக நீண்டு நிற்கும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். ஷாப்டை மூடியிருக்கும் இந்த உறையைத் தொந்தரவு என்று கழற்றி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேட்டி நுனி போதும், ஆளை இழுத்துவிடும்.

கத்தித் தண்டைச் சுழற்றுவது செயினாக இருக்க வேண்டுமா கியராக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை, கல் உள்ள நிலமென்றால் கியர் என்பதே. கத்தியைப் பொறுத்தவரை, எல் வடிவக் கத்தி பொதுவான எல்லா வேலைக்கும் ஏற்றது. சி வடிவம் இறுகிய நிலத்தில் எளிதில் இறங்கும், ஒட்டும் மண்ணையும் தானே உதறிவிடும். எல் வடிவம் தற்செயலாக வந்ததன்று. 1912-ல் ஆஸ்திரேலியாவில் தன் தந்தையின் பண்ணையில் சுழல் உழவைச் சோதித்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்டு, மண் பக்கவாட்டில் வாரி இறைபடுவதைத் தவிர்க்கவே அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்.

கல்லில் மோதும்போது கியர்பாக்ஸைக் காப்பது, சுமை மிஞ்சினால் தானே முறிந்துவிடும் ஷியர் போல்ட் அல்லது வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச். போல்ட் அடிக்கடி முறிகிறதே என்று உறுதியான போல்ட்டை மாட்டினால், அடுத்த முறை முறிவது போல்ட்டாக இருக்காது. ஸ்லிப் கிளட்ச் ஒரு பருவம் சும்மா கிடந்தால் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். பருவத் தொடக்கத்தில் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, தட்டுகள் வழுக்கிச் சுற்றும்படி ஒருமுறை ஓடவிட்டு, பிறகு பழைய அளவுக்கே முடுக்குவது அவசியம்.

தங்கள் வேளாண்மைப் பக்கத்தில் இனி டிராக்டர்களை அறிமுகப்படுத்தும்போது, என்ஜின் திறனுக்குப் பக்கத்தில் பி.டி.ஓ. திறன், பின்சக்கரங்களின் வெளி அகலம், பி.டி.ஓ. 540-ல் ஓடும்போது முதல் கியரின் வேகம் ஆகிய மூன்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் தேடி நான் அலைந்தது கருவியை வாங்கிய பிறகுதான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர், சிறு விவசாயி