முதலில் துணியைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

தோழிகளுக்கெல்லாம் நீயே வரைந்து டி-ஷர்ட் செய்து தரப்போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நீ சிறு வயதிலிருந்து வரைந்து தள்ளிய கோடுகளை நாலு பேர் உடுத்தி நடக்கப்போகிறார்கள் என்பதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் நல்ல பருத்திச் சட்டைகளாகப் பார்த்து வாங்கப்போகிறேன் என்றாயே, அதை மட்டும் நிறுத்திவை அம்மா.

உன்னிடம் இருக்கும் வெப்ப மாற்று மை, அதாவது தாளில் தீட்டி இஸ்திரிச் சூட்டில் துணிக்கு மாற்றும் மை, பருத்திக்கு ஆகாது. அதில் இருப்பது பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைக்கான டிஸ்பெர்ஸ் சாயம். ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது தாளிலிருந்து ஆவியாகக் கிளம்பும். அதே சூட்டில் பாலியஸ்டர் இழை இளகிக்கொடுத்து அந்த ஆவியை உள்ளே வாங்கிக்கொள்ளும். துணி ஆறியதும் சாயம் இழைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் விரலால் தடவினாலும் படம் தட்டுப்படுவதில்லை. வெடிப்பதோ உரிவதோ இல்லை. பருத்திக்கு இந்தச் சாயத்தைப் பிடித்துவைக்கும் குணம் கிடையாது; துவைக்கத் துவைக்கப் போய்விடும். பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்த துணியில் நிறம் சற்று வெளிறி நிற்கும். எனக்கு அந்த வெளிறலும் பிடிக்கும். முழு நிறம் வேண்டுமென்றால் நூறு சதவீதம் பாலியஸ்டர்தான்.

வெள்ளையோ மிக இளம் நிறமோ எடு. இந்த மையில் வெள்ளை கிடையாது, அடியில் இருக்கும் நிறத்தை மறைக்கவும் மறைக்காது. நீலத் துணியில் மஞ்சள் பூ வைத்தால் பச்சைப் பூதான் பூக்கும்.

மையைத் தாளில் தூரிகையால் தீட்டி, நன்றாகக் காயவிடு. தாளில் நிறம் அழுக்கேறியதுபோல் மங்கித் தெரியும். அதைப் பார்த்துக் கலங்கி மறுபூச்சுப் பூசாதே. சூடு பட்டதும் அது எழும்பி வரும் அழகே தனி. எந்த நிறம் எப்படி எழும்பும் என்பதைத் தாள் சொல்லாது. அதனால் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தீற்றல் போட்டு, அதே வகைத் துணியின் துண்டில் இஸ்திரியால் அழுத்திப் பார்த்து, பக்கத்திலேயே பெயர் எழுதிவைத்துக்கொள்.

படம் இடவலம் மாறி விழும் என்பது உனக்குத் தெரிந்ததே. பெயர் எழுதும்போதுதான் தடுமாற்றம் வரும். நம் எழுத்தின் சுழிகளைத் திருப்பி எழுதக் கை வராது. பென்சிலால் அழுத்தி நேராக எழுது. தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வை. வெளிச்சத்தில் தெரியும் கோட்டின் மேலேயே மையால் எழுது.

இஸ்திரி போடும் மெத்தைப் பலகை வேண்டாம், அழுத்தத்தை அது விழுங்கிவிடும். மரப்பலகை மேல் பழைய பருத்தித் துணியை விரித்துக்கொள். சட்டைக்குள் ஒரு தாளைச் செருகு, இல்லையென்றால் மை முதுகுப் பக்கமும் இறங்கும். இஸ்திரிப் பெட்டியின் நீராவியை அணைத்துவிட்டு முதலில் சட்டையைச் சில விநாடி தேய்த்து ஈரத்தைப் போக்கு. பிறகு தாளைக் கவிழ்த்து, மேலே கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் வைத்து அழுத்து. இழுத்துத் தேய்க்கவே கூடாது. தாள் நூலளவு நகர்ந்தாலும் கோடு இரட்டையாகிவிடும். ஓரங்களைச் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டிவிட்டால் நிம்மதி. பெட்டியின் அடியில் நீராவித் துளைகள் உள்ள இடத்தில் சூடு குறைவு. அதனால் ஓரிடத்தில் அழுத்தியபின் பெட்டியைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வை. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. புத்தகத்துக்குள் அழுத்திக் காயவைத்த இலையைத் துணிக்கும் மை பூசிய தாளுக்கும் நடுவே வைத்து அழுத்து. நிறத்துக்கு நடுவே இலை வெள்ளையாக நிற்கும். இதற்குள் இலையில் தாளைத் தொட்ட பக்கம் மையைக் குடித்திருக்கும். அந்தப் பக்கத்தை இன்னொரு இடத்தில் கவிழ்த்து அழுத்தினால் கிளை நரம்புவரை பதியும். ஒருமுறை பயன்படுத்திய தாளும் வீணல்ல. மறுமுறை இன்னும் இளம் நிறத்தில் பதியும், அதைப் பின்னணிக்கு வைத்துக்கொள்.

சட்டைகளை வாங்குமுன் கழுத்து லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா