முழு மதிப்பெண் வாங்கிய பெண்

அன்புள்ள கண்ணா,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீ பயிற்சி கொடுக்கிற ஓட்ட அணியில் எல்லோருக்கும் சத்துணவு பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தாய், பெண்பிள்ளைகள் பையன்களைவிட நன்றாக எழுதினார்கள். "அவங்களைப் பத்திக் கவலையில்லைம்மா, பையன்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தாப் போதும்" என்றாய். சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

விளையாட்டுக்காரர்களிடம் நடத்திய இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் பெண்கள்தான் கொஞ்சம் முன்னால் நிற்கிறார்கள். எல்லாவற்றிலும் இல்லை, ஆனாலும் உன் முடிவு புதிதல்ல. அந்த மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் சாப்பிடுவதற்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் வந்ததுதான். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் உன் கேள்வித்தாளில் நானும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

அப்போது எனக்கு 17 வயது, 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். எதில் எத்தனை கலோரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கற்றுக்கொண்டது அத்தனையும் எதைத் தள்ளுவது என்று கண்டுபிடிக்கத்தான் பயன்பட்டது. சனிக்கிழமை காலையில் எடை மெஷின் முன்னால் வரிசையில் நிற்போம். கோச் எண்ணைச் சத்தமாகப் படித்து நோட்டில் எழுதுவார். குறைந்திருந்தால் பச்சை மை, கூடியிருந்தால் சிவப்பு. என் பக்கம் முழுக்கப் பச்சை. முதல் இரண்டு மாதம் ஓட்டமும் வேகமானது, எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் மாதவிடாய் நின்றுபோனது. யாரிடம் சொல்வது? கூட ஓடிய ஒரு அக்காவிடம் சொன்னேன். "அப்படின்னா நல்லா பயிற்சி பண்றேன்னு அர்த்தம்" என்றாள். அவளுக்கும் நின்றிருந்தது. ஆறாவது மாதம், வளைவில் திரும்பும்போது கால் எலும்பில் சுருக்கென்று ஒரு வலி. ஸ்கேனில் மயிரிழை விரிசல். அந்த ஆண்டு அதோடு முடிந்தது.

சாப்பாடு, மாதவிடாய், எலும்பு மூன்றும் ஒரே சங்கிலி என்று 1992 வாக்கிலேயே மருத்துவர்கள் பெயர் வைத்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து 'ரெட்-எஸ்' என்றது, அதாவது விளையாட்டில் வருகிற ஆற்றல் பற்றாக்குறை, ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார். கொழுப்பைக் கழித்து 40 கிலோ உடல் உள்ள பெண் நாளுக்கு 1800 கலோரி சாப்பிடுகிறாள். தாளில் பார்த்தால் குறையே தெரியாது. பயிற்சியில் 600 போய்விடும். மிச்சம் 1200, அதாவது கிலோவுக்கு 30. மூளை, இதயம், எலும்பு, கருப்பை எல்லாம் அந்த மிச்சத்தில்தான் பிழைக்க வேண்டும். 30-க்குக் கீழே போய் அப்படியே இருந்தால், உயிர் பிழைக்க அவசரமில்லாததை உடம்பு முதலில் நிறுத்துகிறது. மாதவிடாயையும் எலும்பையும் காக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, எலும்பு தேய்கிறது. எல்லோருக்கும் சரியாக 30-இல் கோடு விழாது, சிலருக்கு முன்னாலேயே தடுமாறும். உன் கேள்வித்தாளில் புரதம் எதில் உண்டு என்று கேட்டாய். இன்று ஓடியதற்கு எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று கேட்டாயா?

இரும்புச்சத்தும் அப்படித்தான். எதில் இருக்கிறது என்று ஒப்பிப்பார்கள். சாப்பாட்டோடு டீயோ காபியோ குடித்தால் அது சரியாக உடம்பில் சேராது என்பதும், மாதவிடாய் வரும் வயதில் பெண்ணுக்கு ஆணைவிட அதிகமாகத் தேவை என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்.

பையன்களுக்கு வகுப்பு எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் புரதப் பொடி டப்பாவை நம்பி மாவுச்சத்தை விடுகிறார்கள். தடைசெய்த பொருள் கலந்த பொடிகளும் பிடிபட்டிருக்கின்றன. அவர்களுக்கும் ஆற்றல் பற்றாமல் போனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கும். மாதாமாதம் எச்சரிக்கிற அடையாளம்தான் அவர்களுக்கு இல்லை.

பெண்பிள்ளைகளிடம் அந்த அடையாளத்தைப் பற்றி யாராவது கேட்டாக வேண்டும், கண்ணா. நீ ஆண், கூச்சமாக இருக்கும். அணியின் பெண் மருத்துவரோ பிசியோவோ தனியாகக் கேட்கட்டும். சொன்னால் அணியை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லோர் முன்னாலும் எடை பார்க்கிற பழக்கம் உன் மைதானத்தில் இருந்தால் நாளைக்கே நிறுத்து. "கொஞ்சம் இறக்கினா இன்னும் வேகமா ஓடலாம்" என்று வேடிக்கைக்குக்கூடச் சொல்லாதே. எனக்குச் சொன்னவர் மறந்திருப்பார், நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று. முழு மதிப்பெண் வாங்கிய பெண்ணைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, மூன்று வாரமாகக் கீழ்க்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு ஓடுகிறாள் என்றாயே. நீ அதை அவள் மன உறுதிக்குச் சொன்னாய். எனக்கு நெஞ்சு பதறியது. நாளைக்கு அவளை ஓட விடாதே. மருத்துவரிடம் கூட்டிப் போ, சாப்பாட்டையும் மாதவிடாயையும் பற்றிக் கேட்கச் சொல்.

பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா