அம்மா, இந்தத் தடவை நான் அங்கே வரவில்லை

அம்மா,

இன்றைக்குப் பாப்பாவுக்கு நாலு வயது. காலையில் போன் பண்ணி அவளை வாழ்த்திவிட்டு, வைப்பதற்கு முன்னால் என்னிடம் "பழைய தையல் இழுக்குதா?" என்று கேட்டாய். எட்டாம் மாதம், வயிறு இறங்கியிருக்கிறது, இழுக்கத்தான் செய்கிறது. நாலு வருஷத்துச் சிசேரியன் தையலை இன்னும் நினைவு வைத்துக் கேட்க உன்னை விட்டால் யாரும் இல்லை. அடுத்த நிமிஷமே "கீழ் ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கேன், என்னைக்கு வர்ற?" என்றாய். நான் "பார்க்கலாம்மா" என்றேன். அது பொய். நான் வரவில்லை என்று முடிவு பண்ணி மூன்று வாரம் ஆகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன், போன தடவையும் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். அதனால் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் பிரசவம் பற்றி எத்தனையோ முகம் தெரியாத பெண்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. தம்பி இதை உனக்குப் படித்துக் காட்டுவான். சித்தி தானே தேடி வந்து படிப்பாள், அவர் வீட்டுப் பக்கமும் நாலு பேர் படிப்பார்கள். சிலதைப் பாதியில் விட்டால் ஏன் என்று உனக்குப் புரியும்.

ஏன் ஆபரேஷன், ஏன் அந்த நாள், அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது திருமங்கலத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு நடந்தது. மதுரையிலிருந்து கார் வந்த வழியெல்லாம், ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் வயிற்றின் மேல் இருந்த தலையணையை நீ உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தாய். கப்பலூர் தாண்டும்வரை கையை எடுக்கவில்லை. எந்த நர்ஸும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

2022 மே, கத்திரி நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருக்கும், ஃபேன் ஒன்றில் ஓடும், பல நேரம் அதுவும் இல்லை. காதில் பஞ்சு, தலையில் துண்டு. சாப்பாட்டுக்குக் குறையே வைக்கவில்லை நீ, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, விடிகாலையில் உருண்டையாய் லேகியம், எல்லாம் உன் கையாலேயே. தண்ணீர் மட்டும் அளந்துதான். காலையில் கொதித்து ஆறியது அரை டம்ளர், மாத்திரைக்குக் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். "வயித்த அறுத்திருக்கு, தண்ணி குடிச்சா தையல்ல சீழ் கோத்துக்கும்" என்று பாட்டி உனக்குச் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். பருப்பு கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் அம்மா. பாப்பா வாயை வைத்து இழுக்க ஆரம்பித்ததும் ஒரு தாகம் வரும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்த உனக்கு அந்தத் தாகம் தெரியாமல் இருக்குமா? எனக்கு இன்றுவரை ஆறாத கேள்வி இது.

வீட்டுக்கு வந்த மூன்றாவது ராத்திரி. இரண்டு மணி இருக்கும். பாப்பா குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள், நீ கீழே பாயில் கிடந்தாய், பகலெல்லாம் ஓடிய அசதியில் குறட்டை. நான் அந்தச் சேலையைப் பிடித்தேன். உன் பழைய அரக்குச் சுங்குடி, வெள்ளைப் புள்ளி போட்டது, துவைத்துத் துவைத்து மல்லுத்துணி மாதிரி ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே ஏற்றி இறக்குகிற கட்டில். நம் வீட்டுத் தேக்குக் கட்டிலில் கையை ஊன்றினால் வயிறு முழுக்க யாரோ திருகுவது போல் இருந்தது. வந்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பீரோவிலிருந்து இந்தச் சேலையை எடுத்து முறுக்கி, கால்மாட்டில் கட்டி, என் கைக்கு எட்டுகிற இடத்தில் மூன்று முடிச்சு போட்டு விட்டாய். முடிச்சைப் பிடித்து இழுத்தால் பாரம் கைக்குப் போய்விடும், வயிறு தப்பித்துவிடும். நாற்பது நாளும் நான் அதைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

அன்றைக்கு அதே சேலையைப் பிடித்து எழுந்துதான் உனக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஒரு கையில் வயிற்றோடு அணைத்த தலையணை, இன்னொரு கை சுவரில். அடுப்படிக்குப் பதினான்கு எட்டு, நான் எண்ணினேன். பானையில் சொம்பை முக்கி நின்றபடி குடித்தேன், கழுத்தெல்லாம் வழிந்தது, நைட்டி நனைந்தது. இரண்டாவது சொம்பு மொள்ளும்போது லைட்டைப் போட்டாய். நீ திட்டவே இல்லை. என் கையிலிருந்து சொம்பை வாங்கித் தொட்டியில் ஊற்றினாய். அப்புறம் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாய், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. எனக்கு முப்பது வயது அம்மா, வேலைக்குப் போகிறவள், ஒரு பிள்ளைக்குத் தாய், நம் வீட்டு அடுப்படியில் தண்ணீர் திருடிப் பிடிபட்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதால் தையல் குலுங்கி உயிர் போனது, அதனால் அழவும் முடியவில்லை. நீ என்னை நடத்திக் கூட்டிவந்து, கட்டிலில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு என் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்தாய். இருட்டில் "உனக்காகத்தான்டி" என்றாய்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தைக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தையல் பார்க்கப் போன அன்றைக்கு டாக்டர் "தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நீ எனக்குப் பின்னால் நின்றாய். "நிறைய குடிக்கிறேன் டாக்டர்" என்றேன். உன்னை ஒரு டாக்டர் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பதை என்னால் பார்த்திருக்க முடியாது. அந்தப் பொய்யை நான் உனக்காகச் சொன்னேன், நீ அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றாய். இரண்டு நாளில் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு, உட்கார்ந்தால் எரிச்சல். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "ராத்திரி எந்திரிச்சு பச்சத் தண்ணியக் குடிச்சிட்டா, அதான்" என்றாய். ஆபரேஷனுக்குச் சிறுநீர்க் குழாய் வைத்திருந்த உடம்பு, தண்ணீர் பற்றாமல் சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது, தினம் இரண்டரை மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும், தையலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். மறுநாள் காலையில் என் தலைமாட்டில் பெரிய கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. நீ அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தக் கூஜாவை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், உன் வாயால் ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். இருபதாம் நாள் பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் திண்ணையில் உட்கார்ந்து, "எம் மகளுக்கென்ன, நாள் குறிச்சு எடுத்துக்கிட்டா, வலின்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது" என்றாய். நான் உள் அறையில் பாப்பாவை அக்குள் பக்கமாய் இடுக்கி வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மடியில் போட்டால் அவள் கால் தையலில் உதைக்கும் என்று. எல்லாம் கேட்டது. நேரம் குறித்து வாங்கியது அப்பா, உனக்குத் தெரியும். குழந்தை கடைசிவரை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்ததும் உனக்குத் தெரியும். முதுகில் போட்ட ஊசி சில மணி நேரத்தில் விட்டுப்போகும், அதற்குப் பிறகு வருவதற்குப் பெயர் என்ன? மறுநாளே நடக்கச் சொன்னபோது, இருமல் வந்தபோது, ஆறேழு நாள் மலம் இறங்காமல் முக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தபோது, நீதானே வாசலில் நின்றாய்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுக் கணக்கில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரியில் 64. அதில் தேவையில்லாமல் செய்வதும் உண்டு, அதைக் கேட்க வேண்டியது டாக்டர்களை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற இத்தனை பேரையும் வலி தெரியாதவர்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது.

ஆபரேஷன் என்றால் உதிரம் போகாது என்று சித்தி நினைத்தாள். ஒரு மாதத்துக்கு மேல் போனது. அந்தத் துணிகளை அப்பா எழுந்திரிக்கும் முன்னால் விடியக்கருக்கலில் நீயே கையால் அலசிப் போட்டாய், மெஷினில் போடச் சொன்னதற்கு "கறை நின்னுபோகும்" என்றாய். கொல்லையில் நீ துணியை அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அந்தச் சத்தத்தையும் திண்ணைப் பேச்சையும் ஒரே ஆளோடு சேர்த்து வைக்க எனக்குத் தெரியவில்லை அம்மா.

போனில் சொல்லாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தத் தடவை குழந்தை தலை கீழேதான் இருக்கிறது. நாலு வருஷ இடைவெளி, பழைய தையல் குறுக்குத் தையல், விருப்பம் இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம், தையல் விடுகிற ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை என்று டாக்டர் விளக்கினார். நான் யோசித்துவிட்டு ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டேன். வலிக்குப் பயந்தேனா என்று நீ கேட்பாய். வலி எனக்குத் தெரியும், அது எத்தனை நாள் இருக்கும், எந்த நாளில் குறையும் என்பது வரை தெரியும். தெரிந்ததை மறுபடி தாங்க முடியும் என்று தோன்றியது. பாப்பாவை யாரிடம், எந்த நாளில் விடுவது என்று முன்னாலேயே தெரிந்திருக்கும். இதில் அவர் சொல் ஒன்றும் இல்லை, சித்தி, நீயும் படித்துக்கொள். என் முடிவு.

இங்கே கோயம்புத்தூர் வீட்டில் எல்லாம் தயாராக இருக்கிறது. எனக்கு 26 வாரம் விடுப்பு, அவருக்குக் கம்பெனி கொடுத்தது ஐந்து நாள், மிச்சத்தைச் சொந்த விடுப்பில் சேர்த்து மூன்று வாரம் வீட்டில் இருப்பார். சமையலுக்கு அக்கா ஒருவர் வருகிறார். கட்டிலை ஒரு ஜாண் உயர்த்தியிருக்கிறோம். தலைமாட்டில் இரண்டு லிட்டர் பாட்டில், ஃபேன் ஓடும், ஜன்னல் திறந்திருக்கும், பருப்பும் சாப்பிடுவேன். பிள்ளையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்க மாட்டேன், பாப்பாவே வந்து நீட்டினாலும் உட்கார்ந்துதான் அணைத்துக்கொள்வேன், அவளிடம் இப்போதே சொல்லிப் பழக்குகிறேன். காய்ச்சல், தையலில் ஈரம் அல்லது நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுதசை வலிப்பது, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, இவற்றில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் டாக்டருக்குப் போன் என்று ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தையும் வந்து இருப்பார்கள். அது பற்றி இங்கே வேண்டாம்.

நீயும் வா. இதை எப்படி எழுதினாலும் தப்பாகத்தான் கேட்கும். நீ வந்து சமைக்க வேண்டாம், துணி அலச வேண்டாம், ராத்திரி கீழே படுக்க வேண்டாம், உனக்கும் முட்டி வலி. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திரு. நான் தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடு. இது மட்டும் போதும் என்று எழுதும்போதே, ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. மன்னித்துக்கொள். வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, தீபாவளிக்கு நாங்கள் நாலு பேராக வருவோம், அந்த ரூம் வேண்டும்.

அந்தச் சுங்குடி இன்னும் இருக்கிறதா? பாத்திரம் துடைக்கக் கிழித்திருந்தால் சரி. இருந்தால் தம்பி வரும்போது கொடுத்துவிடு. இங்கே என்னுடைய பழைய காட்டன் சேலை இரண்டை முறுக்கிக் கால்மாட்டில் கட்டிப் பார்த்தேன். இழுத்தால் முடிச்சு நழுவுகிறது.