2024 செயலாளர் ஆண்டறிக்கை: மொட்டை மாடிக் கோபுரமும் மற்றவையும்

குடியிருப்பாளர் நலச் சங்கம், குளுகோர், பினாங்கு
ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் படைக்கப்படும் அறிக்கை (1.1.2024 முதல் 31.12.2024 வரை)

மதிப்பிற்குரிய தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயலவையினர், உறுப்பினர்கள், அழைப்பை ஏற்று வந்திருக்கும் ஜே.எம்.பி. (கட்டடப் பராமரிப்பைக் கவனிக்கும் கூட்டு நிர்வாக அமைப்பு) பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் ஆண்டறிக்கை பொங்கலில் தொடங்கித் தீபாவளி விருந்தில் முடியும். இவ்வாண்டு செயலவைக் கூட்டங்களின் நேரத்தில் பாதிக்கு மேல் மொட்டை மாடியில் ஏறிய கைப்பேசிக் கோபுரம் என்ற ஒரே விஷயத்துக்குப் போனது. அதைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகத் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, இளைஞர் பகுதியினர் தனியாக வசிக்கும் முதியோர் வீடுகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். இரண்டு லிஃப்டில் ஒன்று அப்போதும் பழுது. ஜனவரி 25 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் பாதையில் மோர்ப் பந்தல் போட்டோம். மோர் கொடுத்ததைவிடப் பிளாஸ்டிக் குவளைகளைப் பொறுக்கியதில்தான் அதிக நேரம் போனது. அடுத்த முறை காகிதக் குவளை வாங்கப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். டெங்கிக் கொசுவை ஒழிக்கும் கோத்தோங் ரோயோங் துப்புரவுப் பணிக்கு எப்போதும் வரும் அதே முகங்கள்தான் வந்தன. அக்டோபர் 31 தீபாவளி விருந்து மழைக்குப் பயந்து கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றப்பட்டது. மழை வரவில்லை.

இனி கோபுரம்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை கிரேன் வந்து நின்ற பிறகுதான் பெரும்பாலோருக்கு விஷயமே தெரிந்தது. மொட்டை மாடியின் ஒரு பகுதியை ஜே.எம்.பி. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தது. மாத வாடகை பராமரிப்புக் கணக்கில் சேரும், அதை வைத்து லிஃப்டைச் சரிசெய்யலாம் என்பது அவர்கள் தரப்பு. லிஃப்டுக்காகக் காத்து நின்று கால் கடுத்த யாரும் இந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அறிவிப்பு? ஒட்டினோம் என்றார்கள். ஒட்டியிருந்தார்கள்தான், தரைத்தளப் பலகையில், டியூஷன் விளம்பரத்துக்கும் ஏர்கான் கழுவும் விளம்பரத்துக்கும் அடியில், தேசிய மொழியில் ஒரு பக்கம்.

அன்று மாலைக்குள் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழு நிரம்பி வழிந்தது. ஹேக் நகரத்தில் 5ஜி சோதனையால் நூற்றுக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன என்ற செய்தி முதலில் வந்தது. பறவைகள் இறந்தது உண்மை. ஆனால் அவை இறந்தது 2018 அக்டோபர், நவம்பரில். அந்தச் சோதனை நடந்தது அதே ஆண்டு ஜூனில். அடுத்து, கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் கோபுரங்களைக் கொளுத்திய காணொளி. அதன் பிறகு, உலகச் சுகாதார நிறுவனமே இந்த அலைகளைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்ற தகவல். இந்த மூன்றாவதில் பாதி உண்மை இருந்ததால், செயலவை அதை அலட்சியப்படுத்தவில்லை.

அந்த நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம் வானொலி அலைவரிசை மின்காந்தப் புலங்களை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், சான்று போதவில்லை என்பதுதான் அந்தப் பிரிவு. ஆசிய முறையில் உப்பிட்டு ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. பதப்படுத்திய இறைச்சியோ 2015 முதல் உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவில் இருக்கிறது. அந்தச் செய்தியை அனுப்பியவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் சாசேஜ் தட்டு காலியானதை நானே பார்த்தேன். சான்று எவ்வளவு உறுதி என்பதற்குத்தான் அந்தப் பட்டியல். எது எவ்வளவு கொடியது என்பதை அதில் தேடக் கூடாது.

சில உறுப்பினர்கள் 'புற்றுநோய்க் கோபுரத்தை அகற்று' என்று கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். அந்த மனுவில் சங்க முத்திரை வைக்கச் செயலவை மறுத்தது. இதனால் சிலருக்கு என் மேல் இன்னும் கோபம். நிரூபிக்க முடியாத ஒரு வாசகத்தைத் தலைப்பில் போட்டு அனுப்பினால், மனுவைப் பெறுபவர் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிட்டு மீதியை மூடிவிடுவார் என்பது செயலவையின் எண்ணம். அதனால் சங்கம் தனியாக ஒரு கடிதம் எழுதி மூன்றைக் கேட்டது: மாநகர் மன்ற அனுமதியின் நகல், மின்காந்த வெளிப்பாடு குறித்த அறிக்கை, குடியிருப்பாளர் முன்னிலையில் நேரடி அளவீடு.

முதல் இரண்டும் பல நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்தன. நம் நாட்டில் எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையம் இதற்கென ஒரு கட்டாயத் தரநிலையை வைத்திருக்கிறது. அதன் வரம்புகள் ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. எனப்படும், அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையத்தின் வழிகாட்டியைப் பின்பற்றியவை. பொதுமக்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800இல் 9 வாட், 2000க்கு மேல், அதாவது 5ஜியின் 3500 உட்பட, 10 வாட். உடல் முழுவதும் சூடேறத் தொடங்கும் அளவைக் கண்டு, அதில் 50இல் ஒரு பங்கைத்தான் பொதுமக்களுக்கான வரம்பாக வைத்திருக்கிறார்கள்.

கருவிகள் ஏறிய பிறகு 12ஆம் மாடியில் ஒரு அம்மாவுக்குத் தூக்கம் போனது, தலைவலி வந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அறிவார்கள். மின் இணைப்பு தாமதமானதால் அந்தக் கோபுரம் ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியது என்பது பிறகு தெரிந்தது. இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. தலைவலி பொய்யில்லை, கிளினிக்கில் பார்த்தபோது இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இப்படிப்பட்ட உபாதைகள் உண்மையானவை, சிலருக்கு முடக்கிப்போடும் அளவுக்குக் கடுமையானவை, ஆனால் அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005இலேயே சொல்லியிருக்கிறது. அந்த அம்மா இப்போது மாத்திரை சாப்பிட்டு நலமாக இருக்கிறார். பெயரைக் குறிப்பிடாமல் எழுதிக்கொள் என்று அனுமதியும் கொடுத்தார்.

அளவீடு ஆகஸ்டில் நடந்தது. வந்த அதிகாரி முக்காலியை விரித்து, அதன் மேல் கைக்கடக்கமான ஒரு பெட்டியையும், பெட்டியின் தலையில் டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையையும் பொருத்தினார். மொட்டை மாடிக் கதவு, மேல்மாடி வராந்தா, விளையாட்டுத் திடல், எதிர் பிளாக்கில் அதே உயரத்தில் உள்ள ஒரு வீடு. ஒவ்வொரு இடத்திலும் ஆறு நிமிடம், யாரும் நெருங்கக் கூடாது. எதிர் பிளாக் வரவேற்பறை ஜன்னலில்தான் நான்கிலும் அதிக அளவு பதிவானது. அதுவும் வரம்பில் ஒரு விழுக்காட்டை எட்டவில்லை.

இது பலருக்குப் புரியவில்லை: கோபுரம் நம் தலைக்கு மேல், அளவு எதிர் வீட்டில் கூடுதலா? அந்தப் பலகை வடிவ ஆன்டெனாக்கள் அலையை வெளிப்பக்கமாக, சற்றே கீழ்நோக்கி அனுப்புகின்றன. நேர் கீழே இருப்பவருக்கு மிகக் குறைவாகத்தான் வரும். இடையில் கான்கிரீட் தளம் வேறு. நாம் மனு எழுதிக்கொண்டிருந்தபோது எதிர் பிளாக்கில் யாரும் வாயே திறக்கவில்லை. இணையம் வேகமாகிவிட்டது என்று எங்களுக்கு நன்றி சொன்ன ஒருவர்கூட உண்டு.

அதிகாரி கிளம்பும் நேரத்தில் 9ஆம் மாடிப் பையன் ஒருவன் உருண்டைக்குப் பக்கத்திலேயே நின்று நண்பனுக்குக் காணொளி அழைப்பு போட்டான். திரையில் எண் எகிறியது. அதுவரை சும்மா நின்றிருந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் நெருங்கி வந்து பார்த்தார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே, "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுப்பா" என்றார். அவன் இரண்டு எட்டு வைத்தான், எண் மளமளவென்று இறங்கியது. தூரம் இரட்டிப்பானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்ற கணக்கை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

அதே மாதம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மின்காந்த இடையூறுச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் மண்டபத்தில் விளக்கவுரை ஆற்றினார். எக்ஸ்ரேக்கும் வைஃபைக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்கினார். எக்ஸ்ரே மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானையே பிடுங்கும், மரபணுவைச் சேதப்படுத்தும். வானொலி அலைக்கு அந்த வலு கிடையாது, அளவு மீறினால் சூடேற்றும். கூட்டத்தைக் கவர்ந்தது அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். கைப்பேசி தன் அனுப்பும் வலுவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கோபுரம் அருகில் இருந்தால் மெல்லப் பேசும். லிஃப்டுக்குள்ளோ கார் நிறுத்துமிடத்தின் மூலையிலோ சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது முழு வலுவில் கத்தும். கோபுரத்தை ஊருக்கு வெளியே தள்ளினால், காதோடு ஒட்டியிருக்கும் கருவிதான் அதிகம் உழைக்கும்.

கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எலி ஆய்வைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி, குழுவில் வந்த எந்தக் காணொளியைவிடவும் கனமானது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட முடிவில், ஆண் எலிகளின் இதயத்தில் அரிதான கட்டிகள் காணப்பட்டன. எலிகளுக்கு உடல் முழுவதும், நாளுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள் அலை பாய்ச்சியிருந்தார்கள். மனிதருக்கான வரம்பைவிடப் பல மடங்கு அளவில். பெண் எலிகளில் அதே தெளிவு இல்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. மனிதர்களைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு இவ்வாண்டுதான் வெளிவந்தது. கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை, பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் காணப்படவில்லை. ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டார், முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சங்கம் யாரையும் வற்புறுத்தாது.

கவலை தீராதவர்கள் செய்யக்கூடியதும் அன்று பேசப்பட்டது. நீண்ட அழைப்புக்கு இயர்போன், சிக்னல் இல்லாத இடத்தில் அழைக்காமல் இருப்பது, அவ்வளவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் கைப்பேசியைச் சட்டைப் பையில் போடாமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இது பயத்துக்குச் சொல்வதல்ல, மருத்துவர் சொல்வது. தரைத்தளத் துணைமின் நிலையம் பற்றிய கேள்வி வேறு வகை, வேறு அலைவரிசை. அதற்கு அன்று நேரம் போதவில்லை.

அக்டோபரில் நடந்ததுதான் எனக்கு ஆண்டு முழுவதிலும் அதிகம் எரிச்சலூட்டிய விஷயம். நேரடி விற்பனைக்காரர் ஒருவர் 'குடும்ப நலக் கருத்தரங்கு' நடத்த மண்டபத்தை வாடகைக்குக் கேட்டார். விசாரித்தால், கைப்பேசியின் பின்னால் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கரும், கழுத்தில் போடும் கறுப்புப் பதக்கமும் விற்க வந்திருக்கிறார். பதக்கத்தின் விலையில் ஒரு வீட்டின் பல மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். நம் கோபுரத்தைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால் அழைப்பே போகாது. தடுக்காவிட்டால் காசு போகும். பதக்கம் இதைவிட மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலையிலிருந்து காப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட பதக்கம், கைவளையம், கண்பட்டை உள்ளிட்ட பத்துப் பொருள்கள் தாமே அயனியாக்கும் கதிர்களை வெளியிடுவதைக் கண்டு, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. எக்ஸ்ரே ரகத்தைச் சேர்ந்த கதிர் அது. இல்லாத பயத்துக்கு மருந்தென்று இருக்கும் ஆபத்தைத் தோலோடு ஒட்டிக் கட்டிக்கொள்வது. மண்டபம் தரப்படவில்லை. பிறகு அவர் கீழே ஒட்டுக்கடையில் உட்கார்ந்து சிலருக்கு விற்றதாகக் கேள்வி. வாங்கியவர்கள் என்னிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதை அணியாமல் எடுத்து வையுங்கள், மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

கோபுரம் இருக்கிறது, இருக்கும். அளவைப் பொறுத்தவரை செயலவைக்கு இப்போது கவலை இல்லை. கேட்காமல் ஏற்றினார்கள் என்ற குறை மட்டும் அப்படியே நிற்கிறது, ஜே.எம்.பி. நண்பர்கள் முன்னாலேயே சொல்கிறேன். ஆகவே இப்பொதுக்கூட்டத்தின் முன் மூன்று தீர்மானங்கள் வைக்கப்படுகின்றன. மொட்டை மாடி, வெளிச்சுவர் போன்ற பொது இடங்களை வாடகைக்கு விடும் எந்த ஒப்பந்தத்துக்கும் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்துமூல அறிவிப்பு, தமிழிலும் சீனத்திலும் சேர்த்து, தர வேண்டும் என ஜே.எம்.பி.யைக் கேட்பது. ஆண்டுக்கு ஒருமுறை அளவீடு செய்து முடிவைப் பலகையில், விளம்பரங்களுக்கு மேலே, ஒட்டச் சொல்வது. உடல்நலப் பொருள் விற்பனைக்குச் சங்க மண்டபத்தைத் தருவதில்லை என்பது மூன்றாவது. கோபுர வாடகையில் லிஃப்டுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் ஜே.எம்.பி. இன்றே வாசித்தால் நன்றாக இருக்கும்.

இந்த அறிக்கையும் கணக்கும் ஏற்கப்பட்ட 60 நாள்களுக்குள் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். உறுப்பினர் பட்டியலை அதற்குள் சரிபார்க்க வேண்டியிருப்பதால், சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் பொருளாளரைப் பார்க்கவும். முத்திரை விஷயத்தில் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தியவர்களுக்கும் ரசீதுப் புத்தகத்தில் இடம் இருக்கிறது.

செயலாளர்