ராத்திரியை எங்களிடம் விட்டுவிடுங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

போன வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். சோர்வை விரட்டி உற்சாகமாக வேலை செய்வது எப்படி என்று ஒரு மணி நேர வகுப்பு, எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று இருந்தது. அது என் போனுக்கு வந்தபோது மணி இரவு 10.40. பக்கத்தில் படுத்திருந்த மகள் அந்தச் சத்தத்தில் புரண்டு படுத்தாள். நான் எழுந்து உட்கார்ந்தவள்தான், இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு மணிக்குத்தான் இந்த மடலை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் பிரிவில் ஆட்கள் எப்படிக் குறைந்தார்கள், அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வருட மதிப்பீட்டில் என் பெயருக்கு எதிரே ‘சுறுசுறுப்பு போதாது’ என்று எழுதியிருந்தீர்கள். சரி, உண்மைதான். ஆனால் ஏன் இப்படி ஆனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அலாரம் அடிப்பதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். ஏழு மணி நேரம் படுத்திருப்பேன். எழும்போது ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவள் போல உடம்பு கனக்கும். தாடை வலிக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்பதே பல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் காலை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலுறையை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்திருக்கிறேன். குனிந்து அதைப் போடத் தெம்பில்லை. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மகள் வந்து, “அம்மா, இன்னொரு கால்?” என்றாள். அவளே கீழே உட்கார்ந்து மாட்டிவிட்டாள். அவளுக்கு ஆறு வயது.

உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்து எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். ரத்தசோகை இல்லை, தைராய்டு சரி, சர்க்கரை சரி, பி12 சரி. டாக்டர் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, “உங்களுக்கு ராத்திரி எத்தனை மணிக்கு வேலை முடியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தைச் சொல்லலாம். வேலை முடியும் நேரத்தை எப்படிச் சொல்ல?

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும். ஆபத்து விலகியதும் இதெல்லாம் அடங்க வேண்டும். இயல்பாகவே கார்டிசோல் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்திருக்கும். உடம்பு ஓய்வெடுப்பது அப்போதுதான். போன் எப்போது அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்த அடக்கம் வருவதில்லை. அடிக்காத ராத்திரியிலும் வருவதில்லை. படுத்திருப்பது மட்டும்தான் நடக்கிறது, தூக்கம் மேலோட்டமாகப் போய்விடுகிறது. பதற்ற நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில், சீக்கிரம் களைத்துப்போவதும் ஒன்று.

என் பங்குக்கு நான் சும்மா இருக்கவில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும் பயிற்சி செய்கிறேன். சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறேன். மறுநாள் கவலைகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கிறேன்; இது நிஜமாகவே உதவுகிறது. போனை அடுத்த அறையில் வைத்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை, “நேற்று ராத்திரி ஏன் பதில் போடவில்லை?” என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். அன்றிலிருந்து போன் மறுபடி தலையணைக்குப் பக்கத்தில்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வேலை சம்பந்தமாக எந்தச் செய்தியும் அனுப்பாதீர்கள். உண்மையிலேயே அவசரம் என்றால், அந்த வாரம் முறையில் இருக்கும் ஒருவரை மட்டும் அழையுங்கள். அது யார் என்று ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து விடுப்பு கொடுக்கிறோம். கால் உடைந்தால் கட்டைப் பார்த்து நாற்காலி போடுகிறோம். களைத்துப்போனேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும், மனசைத் திடமாக வைத்துக்கொள் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் ‘பர்ன்அவுட்’ எனப்படும் இந்த எரிந்துபோன நிலையை வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத, நாட்பட்ட வேலையிட அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியது. காரணத்தை வேலையிடத்தில் வைத்தார்கள். நீங்கள் என் மதிப்பீட்டில், என் பெயருக்கு எதிரே வைத்தீர்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னார்கள். எங்கள் ராத்திரிச் செய்திகளையும் மணிக்கணக்கில் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். போன மாதம் வேலையை விட்ட தம்பி ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்தார் அல்லவா? கடைசி நாள் என்னிடம் சொன்னார்: “அக்கா, எனக்கு ஒரு பத்து நாள் தூங்கணும், அவ்வளவுதான்.” அவருக்கு வயது இருபத்தேழு!

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கும். நன்றாகச் செய்துகொண்டிருந்தவள் நான், நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். மறுபடி அப்படிச் செய்யத்தான் கேட்கிறேன். பிரான்சில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நமக்குச் சட்டம் வரை போக வேண்டாம், உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போதும். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை.

வகுப்பை மாலை ஆறரைக்கு வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வேலை நேரத்துக்குள் மாற்றுங்கள், கட்டாயம் வருகிறேன். இந்த மடலுக்கான பதிலையும் பகலிலேயே அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் ஒருத்தி