மேடையேற்றும் முன் சம்பளத் தேதியைக் கேளுங்கள்

விருது விழாக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் சிங்கப்பூரில் நடந்த விழாவில் நீங்கள் பொன்னாடை போர்த்திய தொழில்முனைவரிடம் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். அவருடைய கார் திரையில் வந்ததும் அரங்கமே கைதட்டியது. நான் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்தக் கார் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலையிலேயே என்னைத் தேக்கா சந்தைக்கு அனுப்பினார்கள். பூமாலை ஒன்று, எலுமிச்சம்பழம் நான்கு, கற்பூரம். சில்லறைச் செலவுக் கணக்கில் நானேதான் எழுதினேன். பூசை முடிந்து, நான்கு சக்கரமும் பழத்தை நசுக்கியதும் முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அந்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார், சமையற்கூடத்தில் வெங்காயம் உரிக்கும் அக்கா. கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினார். 11 வெள்ளி 40 காசு.

"தம்பி, இன்னைக்காச்சும் சம்பளம் விழுந்துருமா?"

அன்று தேதி 19.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்களுக்குத் தெரியாதது இல்லை. புகார் கொடுக்கலாமே என்றேன். "வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

காசு இல்லாமல் இல்லை. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 150,000 வெள்ளியைத் தொட்டது. அந்தச் சமயத்தில் எடுத்த வண்டி அது. கார் விலை தனி; இது பத்து ஆண்டு ஓட்டுவதற்கான சான்றிதழுக்கு மட்டும். மாதம் 2,000 வெள்ளி வாங்குகிறவருக்கு 75 மாதச் சம்பளம்.

அதனால்தான் கேட்கிறேன்: விருதுக்கு ஒருவரைப் பரிசீலிக்கும்போது, கடந்த 12 மாதமும் ஊழியர் சம்பளத்தை எந்தத் தேதியில் போட்டார், மத்திய சேமநிதியை ஒழுங்காகக் கட்டினாரா என்று கேளுங்கள்.

"அவர் காசு, அவர் கார், உனக்கென்ன வயிற்றெரிச்சல்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரி, எரிச்சல்தான். ஆனால் பணக்காரர் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் வணிகர் கோவிந்தசாமி பிள்ளை மளிகைக் கடையில் வேலை பார்த்து, அப்புறம் சிராங்கூன் சாலையில் சொந்தக் கடைகள் நடத்திச் செல்வந்தர் ஆனவர். பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். என் சின்னம்மா கல்யாணம் அங்கேதான் நடந்தது.

இப்போது காலம் வேறு. கம்பெனியைப் பதிவு செய்த கையோடு கைக்கடிகாரத்தைக் காட்டி வீடியோ போடுகிறார்கள். "பந்தா இருந்தாதான் கஸ்டமர் நம்புவான்" என்பார் எங்கள் முதலாளி. எந்தக் கஸ்டமரோ! 2023 ஆகஸ்டில் 10 வெளிநாட்டவர் கள்ளப்பண வழக்கில் கைதாகி, பங்களா, கார், கைப்பை என்று 3 பில்லியன் வெள்ளிக்கு மேல் சொத்து சிக்கியதே, அதிலிருந்து பளபள வண்டியைப் பார்த்தால் எங்கள் அடுக்குமாடி புளோக் பெரியவர்கள் "எங்கேருந்து வந்த காசோ?" என்றுதான் கேட்கிறார்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்தவரையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். சம்பளத் தேதியைப் பார்த்துவிட்டு நீங்கள் விருது கொடுத்தால் அப்படி உழைத்துச் சம்பாதித்தவர்களுக்குத்தான் நல்லது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் சம்பளத் தேதிக்கு ஒரே ஒரு வரி சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்றால், "உங்கள் வெற்றியைக் காட்டும் படம் ஒன்றை இணைக்கவும்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடலாம். அந்தக் கார் படம் அதில்தான் வந்தது.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கர் ஒருவர்