ஃபராக்கா போய் வந்தேன்

அன்புள்ள குமரேசா,

இங்கே கொல்கத்தாவில் எல்லோரும் நலம். அக்கா அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பெரியசாமி அந்தச் சைக்கிளை இன்னும் விற்கவில்லையாமே? நீ இருக்கிறவரை விற்க மாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலையாக ஃபராக்கா போயிருந்தேன். வங்கதேச எல்லைக்குக் கிட்டே, கங்கையின் குறுக்கே 109 மதகுகள் கொண்ட கதவணை. ரயிலும் லாரியும் அதன் மேலேயே ஓடுகின்றன. கீழே திட்டுத் திட்டாக மணல். ஒரு திட்டில் ஒருவர் தர்பூசணிக் கொடிக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நட்ட நடுக் கங்கையில், குமரேசா!

அன்றிலிருந்து வங்கதேசத்தோடு போட்ட கங்கை ஒப்பந்தம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. 1996 டிசம்பர் 12-ல் அப்போதைய பிரதமர்கள், நம் தேவகவுடாவும் அவர்களுடைய ஷேக் ஹசீனாவும், கையெழுத்திட்டது. ஆயுள் முப்பது வருஷம். 2026 டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி முதல் மே வரை, ஃபராக்காவுக்கு வருவது விநாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. மார்ச் 11 முதல் மே 10 வரை பத்துப் பத்து நாளாக முறை வைத்து, முறைக்காரருக்கு 35,000 கனஅடி உறுதி.

நியாயமான கணக்குதான். ஆனால் ஒப்பந்தத்தின் பங்கீட்டு அட்டவணை 1949 முதல் 1988 வரை ஓடிய ஆற்றின் சராசரி. அந்த ஆறு இப்போது எங்கே? கங்கோத்ரி பனியாறு பின்வாங்கிக்கொண்டே போகிறது. மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, இல்லையென்றால் காய்கிறது. கோடையில் ஆற்றைத் தாங்கும் நிலத்தடி ஊற்றையும் ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சிவிடுகின்றன. வரத்து 50,000-க்குக் கீழே போனால் உடனே கலந்து பேசச் சொல்கிறது ஒப்பந்தம். எப்படிப் பங்கிடுவது என்று சொல்லவில்லை. எந்த நாளுக்காக ஒப்பந்தம் வேண்டுமோ, அந்த நாளில் அது கைவிரிக்கிறது. எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

அந்தப் பக்கம், வங்கதேசத்தில், கங்கையிலிருந்து பிரியும் கோராய் ஆறு வறண்டால் குல்னா நகர் வரை கடல் உப்பு ஏறுகிறது. இந்தப் பக்கம், கொல்கத்தா வழியே ஓடும் கங்கைக் கிளையான ஹூக்ளிக்கு நீர் திருப்பாவிட்டால் கொல்கத்தா துறைமுகத்தில் வண்டல் சேரும். எங்கள் குழாயில் வருவதும் ஹூக்ளித் தண்ணீர்தான். யாரைக் குற்றம் சொல்ல? பழைய அட்டவணையையே திரும்ப ஒட்டினால் மட்டும் இரு நாட்டையும் குற்றம் சொல்வேன். வறண்ட வருஷத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும்; ஆற்றுக்கும் ஒரு பங்கு விட வேண்டும்.

அப்புறம், உன் மாமா அத்தனை வருஷம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர். வரத்து பாதியான வருஷம் நாளைக் குறைப்பார்களா, வயலைக் குறைப்பார்களா? சண்டையை யார் தீர்ப்பார்கள்? அவரைக் கேட்டு, விவரமாக எழுது.

அன்புடன்,
செல்வம்